மேலே ஓடும், கீழே ஓடாது

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு, நான்காவது தடவையாக, பேஸ்மென்ட் தரையில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ட்ராக்பாலை, அதாவது கையால் உருட்டி வீடியோ கேம் ஆடுகிற பந்தை, கழற்றினேன். வீட்டில் ஆர்கேட் கேபினெட், அந்தக் காலத்தில் கடைகளில் காசு போட்டு நின்றுகொண்டு ஆடிய வீடியோ கேம் பெட்டி, வைத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. பின்மூலையில் ஸ்பானரும் போகாமல் விரலும் போகாமல் ஒரு நட் இருக்குமே, அதை அங்கே வைத்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

நோய் இதுதான். பூரானைச் சுடுகிற சென்டிபீட் கேம் ஆடும்போது பந்து பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மேலே தள்ளினால் நிலைக்கு வந்த தேர் மாதிரி நிற்கிறது, வடம் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். எட் லாக்கும் டோனா பெய்லியும் 1981இல் கொடுத்த அந்த ஆட்டத்துக்கு இந்தப் பந்தும் ஒரே ஒரு பட்டனும்தான் கருவி. அதில் பாதி போய்விட்டால், சிலந்தி துள்ளித் துள்ளி வந்து நம்மைத் தின்பதை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதல் தடவை கழற்றி மேலே டைனிங் டேபிளுக்குக் கொண்டுவந்தேன். 3 அங்குலப் பந்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, உருளைகளில் சுற்றியிருந்த முடியையும் நூலையும் பிடுங்கிப் போட்டு உருட்டினால், அடடா, என்ன ஓட்டம்! ஒரு சுண்டு சுண்டினால் நிற்கவே மாட்டேன் என்கிறது. கீழே கொண்டுபோய் மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி தேர். இரண்டாம் தடவை, மேல்தட்டு பந்தை அழுத்துகிறதோ என்று ஸ்க்ரூக்களை அரைச்சுற்று தளர்த்தினேன். டேபிளில் ஓடுகிறது, கீழே ஓடவில்லை. மூன்றாம் தடவை, உருளை முனையில் இருக்கிற ஓட்டை ஓட்டையான வட்டையும் அதைப் பார்த்து எண்ணுகிற சென்சாரையும் பஞ்சால் துடைத்தேன். பந்து கைக்கே இறுகும்போது சென்சார் பாவம் என்ன செய்யும்? எனக்கும் அது தெரியும், ஆனால் ஏதாவது செய்தாக வேண்டுமே. அதற்கும் அதே கதை. மேலே சமர்த்துப் பிள்ளை, கீழே போனால் முரண்டு. என் மனைவி ஒரு கட்டத்தில், "அப்ப டேபிள்லயே வெச்சு விளையாடுங்களேன்" என்றாள்.

நேற்று எல்லோரும் தூங்கிவிட்டதால் மேலே கொண்டுபோகவில்லை. அங்கேயே பிரித்தேன். உருளையைத் தாங்குகிற ஒரு பேரிங்கில் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

தேங்காய் எண்ணெய்.

ஆகஸ்டில் மாமனார் வந்திருந்தார். இந்தியாவில் காலை பத்து மணி இருக்கும், உடனே போன் போட்டேன். "ஆமா மாப்பிள்ளை, அந்த ஒரு உருளை மட்டும் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. நாலு சொட்டு விட்டேன். செக்குல ஆட்டுனது, கலப்படமே கிடையாது." குரலில் அப்படி ஒரு பெருமை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதாவது இங்கே ஃபாரன்ஹீட்டில் 76. மேலே ஹீட்டர் எப்போதும் 78. நியூ ஜெர்சி ஜனவரியில் என் பேஸ்மென்ட் 58. மூன்று தடவையும் நான் மாடிக்குத் தூக்கிப் போய் எண்ணெயை இளக்கி, திரும்பக் கீழே கொண்டுவந்து உறைய வைத்திருக்கிறேன்!

குளிரைச் சொன்னதும் மனிதர் ஒரு நொடி யோசித்தார். "அப்ப நல்லெண்ணெய் விட்டிருக்கணும் மாப்பிள்ளை. அது உறையாது." சரியாகத்தான் சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி வேறு விதமாகக் கழுத்தை அறுக்கும் என்று சொல்ல வாயெடுத்து, சிரிப்பு வந்துவிட்டதால் போனை வைத்துவிட்டேன்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் எல்லாவற்றையும் ஊறப்போட்டுத் துடைத்து, அந்த பேரிங்கை மட்டும் புதிதாக மாற்றி, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். ஓடுகிறது. கீழேயே ஓடுகிறது. அந்தச் சந்தோஷத்தில் ராத்திரி ஒரு மணிக்கு நின்றுகொண்டே ஒரு ஆட்டம் ஆடினேன், நன்றாகவே ஆடினேன்.

ஸ்கோர் பட்டியலில் நான் இரண்டாவது. முதலிடத்தில் மாமனார் இனிஷியல், ஆகஸ்டில் போட்டது, எண்ணெய் இளகியிருந்த காலத்தில் எடுத்த ஸ்கோர்! அதையெல்லாம் எப்படிக் கணக்கில் சேர்ப்பது?