லுமென் பார்த்து டார்ச் வாங்காதீர்கள்

பரிசு கொடுக்கும் நாட்கள் நெருங்கினால் எங்கள் வீட்டில் கேலி ஆரம்பித்துவிடும். "இந்த வருஷமும் டார்ச்தானே?" ஆமாம், இந்த வருஷமும் டார்ச்தான். சட்டை வாங்கினால் அளவு பிசகும். சென்ட் வாங்கினால் யாருக்காவது தலைவலி வரும். டார்ச்சை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை. மொபைலில்தான் லைட் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கரண்ட் போன ராத்திரியில் அந்த மொபைலில் சார்ஜையும் மிச்சம் பிடிக்க வேண்டும், நாலு பேரிடம் பேசவும் வேண்டும், அதையே பல்லில் கடித்துக்கொண்டு ஃபியூஸும் மாட்ட வேண்டும்.

ஆனால் நானும் ஆரம்பத்தில் சொதப்பியவன்தான். அப்பாவுக்கு முதலில் வாங்கிக் கொடுத்தது, பெட்டியில் பெரிய எழுத்தில் லுமென் கணக்குப் போட்ட ஒரு டார்ச். ஒரே பட்டன், ஐந்து மோடு. ஒரு தட்டுக்குக் கண் கூசும், இன்னொரு தட்டுக்கு மங்கும், அவசரமாகத் தட்டினால் ஆம்புலன்ஸ் விளக்கு மாதிரி வெட்டி வெட்டி அடிக்கும். ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவர் பட்டனைத் தடவி அமுக்கியிருக்கிறார், அது படபடவென்று வெட்ட ஆரம்பித்துவிட்டது. எப்படி அணைப்பது என்று தெரியாமல் பீரோவுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் சார்ஜ் மொத்தமும் காலி. தப்பு அவர்மேல் இல்லை, வாங்கிய என்மேல்.

அதற்கப்புறம்தான் பெட்டியில் இருக்கும் எண்களை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். லுமென் என்பது டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம், அவ்வளவுதான். அது பரந்து விழுமா, குவிந்து தூரம் போகுமா என்று அது சொல்லாது. அதற்குக் கேண்டெலா என்று வேறு கணக்கு இருக்கிறது. இன்னொன்று, 1000 லுமென் டார்ச் 500 லுமென் டார்ச்சைவிட இரண்டு மடங்கு பிரகாசமாக நம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய நான்கு மடங்கு லுமென் வேண்டும். விரல் நீள டார்ச்சில் ஆயிரக்கணக்கில் லுமென் போட்டிருந்தால் அது ஒன்றிரண்டு நிமிஷக் கதை. உடம்பு சூடானதும் தானாகக் குறைத்துக்கொள்ளும்.

தூரக் கணக்கு இன்னும் வேடிக்கை. டார்ச்சுகளை அளக்கும் எஃப்எல்1 என்ற தரப்படி 200 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்த 200-ஆவது மீட்டரில் விழுவது 0.25 லக்ஸ் (ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம். அங்கே ஒரு ஆள் நிற்பது தெரியலாம், யார் என்று தெரியாது. அதே தரத்தில் 'எத்தனை மணி நேரம் எரியும்' என்பதும், ஆரம்ப வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரைக்குமான கணக்கு. பொய் இல்லை, ஆனால் நாம் நினைத்துக்கொள்வதும் இல்லை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பரிசை வாங்கிக்கொள்ளப் போகிறவரின் கையைப் பாருங்கள். வயதானவர் என்றால் இருட்டில் தடவினாலே அகப்படும் பெரிய பட்டன், அதிகம் போனால் இரண்டு மோடு, முதல் அமுக்கில் மங்கலான வெளிச்சம். தூக்கத்தில் எழுந்த கண்ணுக்கு 10 லுமென் தாராளம். அதற்கு மேல் அடித்தால் அடுத்த ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது.

பேட்டரிதான் பலரும் யோசிக்காத இடம். டிராயரில் கிடந்து எப்போதாவது வெளியே வரும் டார்ச்சுக்குள் அல்கலைன் பேட்டரிக் கட்டையைப் போட்டு மறந்துவிட்டால் ஒருநாள் ஒழுகிவிடும். ஸ்பிரிங்கில் வெள்ளை பூத்து, கட்டை குழாயோடு ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் வராது. அப்படி ஒன்றைக் குறடு வைத்துப் பிடுங்கியிருக்கிறேன், டார்ச்சும் சேர்ந்து போயிற்று. இப்போது அந்த மாதிரி டார்ச்சுக்கு ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ கட்டைதான் போடுகிறேன். அடிக்கடி எடுப்பது என்றால் டைப்-சி சார்ஜ் போதும், மொபைல் கேபிளே உதவும்.

18650 என்ற அளவுக் கட்டை மாதிரி தனியாகக் கழற்றிச் சார்ஜ் போடும் லித்தியம்-அயான் கட்டைகளை, அதைப் பற்றித் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். அதன் தம்பி 14500 இன்னும் வம்பு. பார்க்க ஏஏ கட்டை மாதிரியே இருக்கும், ஆனால் 1.5 வோல்ட் அல்ல, 3.7 வோல்ட். யாராவது எடுத்து டிவி ரிமோட்டில் போட்டால் ரிமோட் அம்பேல். குழந்தைகளுக்குக் கொடுப்பதில் பட்டன் செல் டார்ச் கூடவே கூடாது. அந்தச் செல்லை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கக்கூடியது அது.

வயரிங், பெயிண்டிங் என்று வேலை செய்பவருக்கு சிஆர்ஐ, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான மதிப்பெண், 90-க்கு மேல் இருக்கிற டார்ச் கொடுத்துப் பாருங்கள். லுமென் கொஞ்சம் குறையும். ஆனால் சாதாரண நீல வெளிச்சத்தில் ஒன்று போலத் தெரியும் சிவப்பு வயரும் பிரவுன் வயரும் தனித்தனியாகத் தெரியும்.

பெட்டியைப் பரிசுக் காகிதத்தில் சுற்றும் முன் ஒரு வேலை செய்வேன். முழுசாகச் சார்ஜ் போட்டு, ஒருமுறை எரித்துப் பார்த்து, பின்மூடியைக் கால் திருகு தளர்த்தி வைப்பேன். பல டார்ச்சுகளில் அப்படிச் செய்தால் பைக்குள் தானாக எரியாது. வாங்கிக்கொள்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை டார்ச் கொடுத்தான் என்று பெயராகிவிடும். அனுபவம்.

அப்பாவின் இரண்டாவது டார்ச் இப்போது கட்டில் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. மோடும் கிடையாது, வெட்டலும் கிடையாது. இந்த வருஷம் மச்சானுக்குத் தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் வாங்கியிருக்கிறேன். சுரங்கத்துக்கு அனுப்பப் போகிறீர்களா என்று சிரிப்பார். சிரிக்கட்டும். அடுத்த தடவை இருட்டில் அவர் சைக்கிள் செயின் கழன்று, இரண்டு கையிலும் கிரீஸோடு நிற்கும்போது பேசிக்கொள்கிறேன்.