கடைசி பஸ் எப்போது என்று கேட்டால் ஊர் வரலாறு சொல்கிறார்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? கேள்வி இவ்வளவுதான். பதிலுக்கு ஒரு வரி போதும். ஆனால் கூகுளில் தட்டி மேலே வரும் தளத்தைத் திறந்தால், "ஏழைகளின் ஊட்டி என்று செல்லமாக அழைக்கப்படும் ஏற்காடு, சேர்வராயன் மலைத்தொடரில்..." என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அந்த இடத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஐயா, நான் சேலத்துக்காரன். மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 20 கொண்டை ஊசி வளைவு இருப்பதும் தெரியும், எந்த வளைவில் யார் வாந்தி எடுப்பார்கள் என்பது உட்பட. எனக்கு வேண்டியது பஸ் நேரம். சரி, கீழே இருக்கும் என்று தள்ளிக்கொண்டே போனால் ஊருக்குப் பெயர் வந்த கதை. அதற்கும் கீழே, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கு. அப்புறம் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்து நட்ட வரலாறு. இதற்குள் "அறிவிப்புகளை அனுமதிக்கவா?" என்று ஒரு பெட்டி வந்துவிடும். அதை மூடினால் மூலையில் ஒரு வீடியோ தானாக ஓடும். அதை மூடும் எக்ஸ் குறி கடுகு அளவில் இருக்கும், விரல் பட்டால் விளம்பரம்தான் திறக்கும். பத்திக்குப் பத்தி "இதையும் படிங்க". பாதியில் கட்டுரையை வெட்டி "மேலும் படிக்க" என்று ஒரு பொத்தான். அமுக்கினால் அடுத்த பக்கம், அங்கே மறுபடியும் அதே அறிவிப்புப் பெட்டி. எல்லாம் தாண்டி "எப்படிச் செல்வது?" என்ற தலைப்புக்கு வந்தால் எழுதியிருக்கிறது: "பேருந்து நேரங்களுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரித்துக்கொள்ளவும்."

இதைப் படிக்கத்தான் இவ்வளவு தூரம் இழுத்து வந்தாயா?

என் சித்தப்பா பையன் ஒருவன் இதே தொழிலில் இருக்கிறான். அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு சுற்றுலாத் தளம் நடத்துகிறான். அவனைப் பிடித்துக் கேட்டேன், ஏன்டா இப்படி மனுஷனை வதைக்கிறீங்க என்று. அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணா, வந்தவரை உடனே விட்டுட்டா விளம்பரம் யாருக்குண்ணா காட்றது? பதிலை மேலேயே வெச்சா பார்த்துட்டுப் போயிடுவாங்க. கீழ வெச்சாத்தான் நிப்பாங்க" என்றான்.

நிற்பார்களாம். நான் அங்கே நின்றது உண்மைதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் கம்ப்யூட்டரில் அது "ஆர்வமுள்ள வாசகர்" என்று பதிவாகியிருக்கும். தேடித் தேடி நொந்துபோனவனும், ரசித்துப் படித்தவனும் அந்தக் கணக்கில் ஒன்றே. இரண்டு பேரும் நாலு நிமிடம்.

இந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பதைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வரும். தளத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று கணக்கு வைக்கும் கருவி கூகுள் அனலிட்டிக்ஸ். பல வருடங்களாக எல்லாரும் வைத்திருந்த அதன் பழைய பதிப்பில், ஒரு பக்கத்தில் இருந்த நேரம் என்பது அந்தப் பக்கம் திறந்ததற்கும் அடுத்த பக்கம் திறந்ததற்கும் இடையிலான வித்தியாசம். ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடினால், அடுத்தது என்று ஒன்று இல்லாததால், நேரம் பூஜ்யம். ஐந்து நிமிடம் வரிக்கு வரி படித்துவிட்டுப் போயிருந்தாலும் பூஜ்யம்தான்! அதற்கு பவுன்ஸ் என்று ஒரு பெயர் வேறு. வந்தார், விழுந்தார், ஓடினார் என்ற மாதிரி. கேட்டதைக் கேட்ட இடத்தில் கொடுத்து, ஆளைத் திருப்தியாக அனுப்பிய பக்கம்தான் அந்த அறிக்கையில் தோற்ற பக்கம். ஒன்றைப் பத்துத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் "அடுத்து" போட்டவன் ஜெயித்தவன். ஒரு தலைமுறை தள நடத்துநர்கள் இந்த அறிக்கையைப் பார்த்தே தொழில் கற்றார்கள். வேறு எப்படி இருக்கும் புத்தி?

அந்தப் பழைய முறை 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு போய்விட்டது. அதே கருவியின் இப்போதைய பதிப்பான ஜிஏ4-இல் ஒருவர் பத்து வினாடிக்கு மேல் இருந்தாலே ஈடுபாட்டோடு இருந்தவர் என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது பக்கம் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. பஸ் அட்டவணையில் என் பஸ்ஸைத் தேடிப் பார்க்கப் பத்து வினாடிக்கு மேலேயே ஆகும். ஆக, அட்டவணையை முதல் வரியில் வைத்தாலும் என் தம்பியின் கணக்கு கெடாது. இதை அவனிடம் சொன்னால், "அப்படிங்களாண்ணா?" என்கிறான். தொழில் அவனுடையது, படித்துச் சொல்வது நான்.

ஆள் எவ்வளவு நேரம் நிற்பார் என்பது ஒன்றும் ரகசியமில்லை. இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 2011-லேயே எழுதிவிட்டார்: பெரும்பாலும் பத்து இருபது வினாடிக்குள் வந்தவர் கிளம்பிவிடுகிறார், இங்கே தனக்கு வேண்டியது இருக்கிறது என்று அந்தச் சில வினாடிகளில் தெரிந்தால்தான் மேலே இருக்கிறார். அந்தப் பத்து வினாடியில் நம் ஆட்கள் காட்டுவது என்ன? அறிவிப்புப் பெட்டி, குக்கீ பெட்டி, செய்திமடல் பெட்டி. கட்டுரையின் ஒரு வரி தெரிவதற்குள் மூன்று கதவு.

மலையேறும்போது இந்த வேடிக்கையைப் பார்க்கவேண்டும். வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து வந்து போகும். கிடைக்கிற ஒரு கோடு சிக்னலில் முதலில் வந்து இறங்குவது விளம்பரம். எழுத்து வெள்ளையாகக் கிடக்கும். ஒருவழியாக எழுத்து வந்து, மலைக்குப் போகும் இன்னொரு பாதையான "குப்பனூர் வழி" என்பதை அமுக்கப் போகும் நேரத்தில் மேலே இன்னொரு விளம்பரம் இறங்கி மொத்தப் பக்கத்தையும் கீழே தள்ளும். விரல் போய் விழுவது ஏதோ ஒரு கடன் ஆப்பில். இப்படிப் பக்கம் குதிப்பதை அளக்க கூகுளிடம் சிஎல்எஸ் என்று ஓர் அளவே இருக்கிறது, 0.1-க்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். பக்கத்தை மறைக்கும் பெட்டிகளை மொபைலில் காட்டும் தளங்களைத் தேடலில் கீழே இறக்குவோம் என்று சொல்லி, 2017 ஜனவரியில் செய்யவும் ஆரம்பித்தார்கள். அப்புறமும் பெட்டி குறைந்தபாடில்லை. பின்னால் போகும் பொத்தானை அமுக்கினால்கூட விடாமல், "போவதற்கு முன் இதைப் பாருங்கள்" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கல்யாண வீட்டில்கூட இப்படி யாரும் என்னை உபசரித்ததில்லை.

பஸ் நேரத்துக்கு இந்தப் பாடு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்தது, போக்குவரத்தை நிறுத்தினார்கள். மேலே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ரோடு திறந்திருக்கிறதா, குப்பனூர் பக்கமாவது போக முடியுமா, இதுதான் கேள்வி. தேடினால் ஒரு தளம் "ஏற்காடு சாலை நிலவரம், இன்று புதுப்பிக்கப்பட்டது" என்று வந்தது. திறந்தேன். லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து பார்த்தால் சேலம் நகரம் இரவில் ஜொலிக்கும் என்று இருந்தது. தேதி மட்டும் இன்றையது, சரக்கு என்றைக்கோ எழுதியது. தேடலில் மேலே வருவதற்காகத் தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஆள் எதிரில் இருந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேனோ தெரியாது.

நம் ஊரில் சாயங்காலம் தட்டு வடை செட் போடுகிற தள்ளுவண்டிக்காரரைப் பாருங்கள். காசைக் கொடுத்ததும் கையில் செட் வந்துவிடும். சேலத்துக்கும் தட்டு வடைக்கும் உள்ள தொடர்பை அவர் விளக்குவதில்லை. சாப்பிட்டவன் அங்கேயே நின்று இன்னொரு செட் கேட்கிறான், அடுத்து நொறுக்கல் கேட்கிறான், கூட வந்தவனுக்கும் சேர்த்து வாங்குகிறான். யார் அவனைப் பிடித்து வைத்தார்கள்?

இன்னொரு கொடுமை, அந்த "வேண்டாம்" பொத்தான். செய்திமடல் வேண்டாம் என்றால் "வேண்டாம், எனக்கு ஊர் சுற்றப் பிடிக்காது" என்று எழுதியிருப்பதைத்தான் அமுக்க வேண்டும். இப்படி அசிங்கப்படுத்தி ஆளை வளைப்பது உட்பட 13 வகைத் தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொருளும் சேவையும் விற்கும் தளங்களை மனதில் வைத்து எழுதியது. கட்டுரை மட்டும் போடுகிறவர் நான் எதையும் விற்கவில்லையே என்று நழுவிக்கொள்வார். விற்கப்படுவது நம் நேரம்தான் என்று யார் போய் அவரிடம் சொல்வது?

நான் நின்று படிக்கமாட்டேன் என்று யார் சொன்னது? மே மாதம் கோடை விழாவுக்கு வெளியூர்ச் சொந்தம் வருகிறது. கிளியூர் அருவியில் அப்போது தண்ணீர் இருக்குமா? மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்தால்தான் அங்கே நீர் கொட்டும் என்பதை எத்தனை தளம் சொல்கிறது? எல்லாவற்றிலும் வருடம் முழுக்க "கண்கொள்ளாக் காட்சி". அத்தனை படியும் இறங்கி, பாறையைப் பார்த்துவிட்டு ஏறி வரும் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள் கண்கொள்ளாக் காட்சியை. கூட்ட நாளில் ஏரிக்கரையில் கார் எங்கே நிறுத்துவது? முழங்கால் வலி உள்ளவர் பகோடா பாயிண்ட்டில் எவ்வளவு நடக்கவேண்டும்? தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்கிட் தோட்டத்துக்கு எப்போது போனால் பூ பார்க்கலாம்? ஒருத்தன் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதட்டும், நான் கடைசி வரிவரை படித்துவிட்டு அவன் எழுதிய வேறு கட்டுரையையும் தேடிப் போவேன். விளம்பரத்தையும் பார்த்துத் தொலைக்கிறேன்.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லி, ஒரே ஒரு பக்கத்திலாவது பஸ் நேரத்தை முதல் வரியில் போடு, எப்போது சரிபார்த்தது என்று உண்மையான தேதியைப் போடு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "போடலாங்ண்ணா, ஆனா பஸ் நேரம் எனக்கும் தெரியாதுங்களே" என்றான். புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் குறித்துக்கொண்டு வாடா என்று பைக் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறேன்.