அசிட்டையும் பிளீச்சையும் கலக்காதீர்கள்

"குளியலறை ரைல்ஸை மாற்றவே தேவையில்லை. அசிட்டையும் பிளீச்சையும் ஒரு வாளியில் கலந்து ஊற்றுங்கள், வெள்ளைக் கறை போய்விடும்" என்றொரு வட்ஸ்அப் செய்தி யாழ்ப்பாணத்தில் சுற்றுகிறது. இது தவறு. உயிருக்கே ஆபத்து.

இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் போர்க்களத்தில் ஆயுதமாக விடப்பட்ட அதே வாயு. கதவு சாத்திய சின்னக் குளியலறையில் சில மூச்சே நுரையீரலைப் பாதிக்கலாம். பிளீச் போத்தலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள், கலக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை இருக்கும். கிணற்றுக்குப் போடும் குளோரின் பவுடரையும் அசிட்டோடு கலக்கக் கூடாது.

சரி, அசிட் மட்டும்? எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கறையும் சுண்ணாம்புதான். அசிட் அதைக் கரைக்கும். ஆனால் ரைல்ஸ் இடுக்கில் பூசிய சீமெந்தையும் சேர்த்தே அரிக்கும். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்குத்தான் போகிறது என்று நம்பிவிடுகிறோம். அப்புறம் தண்ணீர் அடியில் இறங்கும்.

அசிட்டுக்குப் பதிலாக, வினாகிரியில் சம அளவு தண்ணீர் கலந்து, சில நிமிடம் ஊறவிட்டு, தேய்த்து நன்றாகக் கழுவுங்கள். மாபிள் கல்லுக்கு அதுவும் கூடாது.

யாராவது வாயுவைச் சுவாசித்துவிட்டால் உடனே வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைச் சொல்லிவிடுங்கள்.