ஐந்து அங்குலம் போதும்

போன சனிக்கிழமை விடியற்காலை, கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் கவார்த்தா ஏரிகளில் ஒன்றான பிஜன் ஏரியில், படகு இறக்கும் இடத்தில் ஒரு தம்பியைப் பார்த்தேன். தமிழ்ப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். புது ராட், புது ரீல், கையில் ஒரு பெரிய பெட்டி. ஆசையாகத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த லூர், அதாவது பொய் இரை, எல்லாம் ஒன்பது அங்குலம், பத்து அங்குலம். "அண்ணா, சீசன் திறந்ததிலேர்ந்து வீசிக்கிட்டே இருக்கேன். ரெண்டு தடவை தண்ணி வெடிச்சுது, ஒண்ணும் மாட்டல. தோள்தான் போச்சு" என்றார். மஸ்கி மீன் என்றால் இதுதான் வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம்.

என் பெட்டியிலிருந்து ஐந்து அங்குல லூர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பாஸ் மீனுக்குப் போடுறதுதானே அண்ணா?" என்றார். அதற்குள் அவருடைய நண்பர் படகிலிருந்து கூப்பிட்டுவிட்டார். பேச்சு அங்கேயே நின்றுபோனது. அவரிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கவார்த்தா ஏரிகளில் மஸ்கிக்கு வீசுகிற நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பயன்படும்.

மஸ்கி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முழுப்பெயர் மஸ்கலஞ்ச், ஒஜிப்வே மொழியிலிருந்து வந்த பெயர். வட அமெரிக்காவின் நன்னீர் மீன். நான்கடியைத் தாண்டியும் வளரும், வாய் நிறையக் கூரிய பற்கள். நீர்க்களைக்குள் கட்டைபோல அசையாமல் நிற்கும், இரை பக்கத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். ஊரில் விரால் பிடித்தவர்களுக்கு இந்தக் குணம் நன்றாகவே தெரியும். பத்தாயிரம் தடவை வீசினால் ஒன்று மாட்டும் மீன் என்று இங்கே சொல்வார்கள். அதை டாப்வாட்டர் லூரில், அதாவது தண்ணீருக்கு மேலேயே சத்தம் போட்டுக்கொண்டு ஓடும் பொய் இரையில் பிடிப்பதற்கு ஈடான சந்தோஷம் எனக்கு வேறு எந்த மீன்பிடிப்பிலும் கிடைத்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய மீனுக்குப் பெரிய இரை என்பது மஸ்கிக்காரர்களிடம் வேதவாக்கு. அது பொய் என்று நான் சொல்லவில்லை. செயின்ட் லாரன்ஸ் ஆற்றிலும் ஜார்ஜியன் வளைகுடாவிலும் மீன்கள் ராட்சத அளவில் இருக்கின்றன, இலையுதிர் காலத்தில் கொழுத்த இரையைத் தேடுகின்றன. அங்கே பத்து அங்குலம் நியாயமான அளவுதான். ஆனால் அந்த வேதவாக்கை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஜூலை மாதக் கவார்த்தாவில் வைப்பதுதான் தவறு என்கிறேன்.

கவார்த்தா வேறு மாதிரி. ட்ரெண்ட்-செவர்ன் நீர்வழி கோத்து வைத்திருக்கும் ஏரிகள், பெரும்பாலும் ஆழம் குறைவு, களை அதிகம். இங்கே மஸ்கி எண்ணிக்கையில் கூடுதல், அளவில் சிறியது. முப்பதிலிருந்து நாற்பது அங்குலம் வரைதான் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும். அவை தினமும் தின்பது என்ன? மஞ்சள் பெர்ச், சூரியமீன், சின்னச் சின்ன மீன்கள். பெரும்பாலும் உங்கள் கைக்குள் அடங்குகிற அளவுதான். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொரண்டோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் ஜூன் முதல் சனிக்கிழமை சீசன் திறந்த நிமிடத்திலிருந்து அந்தக் களை ஓரங்களில் ஓயாமல் லூர் விழுகிறது. எல்லாம் பெரியது, எல்லாம் சத்தமானது. ஜூலை பாதிக்குள் ஒவ்வொரு மீனும் அவற்றில் எத்தனையைப் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள். படகு வரைக்கும் பின்னாலேயே வந்து, வாய் திறக்காமல் திரும்பிப் போவது இதனால்தான் என்பது என் நம்பிக்கை.

பாஸ் பிடிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கோடையிலும் சின்ன லூரை மஸ்கி வந்து கடித்துக்கொண்டு போன கதை அவர்களிடம் இருக்கும். தூண்டில் நரம்பு அறுந்த வருத்தத்தோடு சொல்வார்கள். மஸ்கிக்காரர்கள் அதைக் கேட்டு, "ஏதோ தற்செயல்" என்று விட்டுவிடுகிறார்கள். வருஷா வருஷம், ஏரிக்கு ஏரி நடப்பது எப்படித் தற்செயலாகும்? ஒன்டாரியோவின் சாதனை மஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988 அக்டோபரில் கென் ஓ'பிரையன் ஜார்ஜியன் வளைகுடாவில் பிடித்தது, 65 பவுண்ட். பெரிய லூர்தான் வேண்டும் என்று எல்லாரும் சொல்கிற அதே தண்ணீரில், எல்லாரும் சொல்கிற அதே மாதத்தில், அது கடித்தது கையளவு ரபாலா லூர் ஒன்றை. டாப்வாட்டர் இல்லைதான், படகை ஓட்டிக்கொண்டே இழுத்த லூர். ஆனாலும் அந்த மீன் அளவு பார்த்து ஒதுங்கிப் போகவில்லை.

டாப்வாட்டரில் மட்டும் இருக்கிற ஒரு கணக்கு உண்டு, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மஸ்கி இரையைக் குறுக்கே கவ்வும், அப்புறம் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும். தண்ணீர் மேலே மிதக்கிற ஒன்பது அங்குல லூரைக் கீழிருந்து அடிக்கும்போது, மீன் கிளப்பும் அலையே லூரைத் தள்ளிவிடுகிறது. இல்லாவிட்டால் நடு உடம்பில் பல் பதிந்து தூண்டில் முள் வெளியே நிற்கிறது. தண்ணீர் வெடிக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், நரம்பு தொளதொளவென்று வரும். அந்தத் தம்பி சொன்ன இரண்டு வெடிப்பும் அப்படித்தான் போயிருக்கும். நான்கரை, ஐந்து அங்குல லூர் முழுசாக வாய்க்குள் போய்விடும். நான் சின்னதுக்கு மாறி நான்கு கோடை ஆகிறது. அடித்து மாட்டாமல் போன மீன்களின் எண்ணிக்கை கண்ணெதிரே குறைந்திருக்கிறது.

போன ஆகஸ்டில் மகளோடு பக்ஹார்ன் ஏரிக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெரிய லூரை அவளால் பத்து தடவைக்கு மேல் வீச முடியாது, அதனால் அவள் கையில் நான்கரை அங்குல சாரா ஸ்பூக். காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி, மேலே மெல்லிய மூடுபனி. களை முடிகிற விளிம்பை ஒட்டி அவள் ராட் நுனியைத் தட்டித் தட்டி இழுக்க, லூர் இடம் வலமாக மூக்கை ஆட்டிக்கொண்டு வந்தது. "அப்பா, வாத்துக்குஞ்சு வழி தவறின மாதிரி போகுது பாருங்க" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, லூருக்குப் பின்னால் தண்ணீர் ஒரு முழத்துக்கு வீங்கி எழுந்தது. சத்தமே இல்லாத ஒரு மேடு. லூரோடு கூடவே நகர்ந்து வந்தது. "நிறுத்தாதே, அதே வேகம்" என்று மட்டும் சொன்னேன், என் குரல் நடுங்கியது. இன்னும் மூன்று தட்டு. அப்புறம் அந்த மேடு திறந்து, வெள்ளை வாய் தெரிந்து, லூர் காணாமல் போனது. முப்பத்தெட்டு அங்குலம். முள் இரண்டும் வாய் ஓரத்தில் சுத்தமாகப் பதிந்திருந்தன. வலைக்குள் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றிவிட்டோம். அவள் வாலைப் பிடித்துக்கொண்டிருக்க, மீன் தானாகவே உதறிக்கொண்டு பச்சை இருட்டுக்குள் இறங்கியது. அன்று அதே ஓரத்தில் முன்னால் போன இரண்டு படகிலும் பெரிய லூர்தான் வீசினார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எந்த லூர் என்று கேட்பீர்கள். என் பெட்டியில் இரண்டே வகைதான். தண்ணீர் அசையாமல் இருந்தால் ஸ்பூக், மிச்சிகனின் டோவாஜியாக்கில் தொடங்கிய ஹெடன் கம்பெனியின் பழைய லூர். லேசாகக் காற்றடித்துச் சிற்றலை எழுந்தால் வால் சுழலும் வாப்பர் பிளாப்பர், 110 அல்லது 130. அந்த எண் மில்லிமீட்டர் கணக்கில் நீளம். லாரி டால்பெர்க் வடிவமைத்த இந்த லூர், மஸ்கி போன்ற பெரிய மீன்களைக் குறிவைத்து முதலில் 190 அளவில்தான் வந்தது. பிறகு வந்த சின்ன அளவுகளைப் பாஸ்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அவற்றை மஸ்கிக்குத் திருப்பிக் கொண்டுவரலாம் என்றுதான் சொல்கிறேன். ஸ்பூக் பழக ஒரு நாள் ஆகும். பிளாப்பரை ஒரே சீராகச் சுற்றினால் போதும், புதியவர்கள் அதிலேயே தொடங்கலாம். நிறத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கீழிருந்து பார்க்கிற மீனுக்குத் தெரிவது நிழலுருவம்தான்.

மேலே எழுதியதை எல்லாம் மறந்தாலும், இப்போது சொல்லப்போவதை மட்டும் நினைவில் வையுங்கள். சின்ன லூர் என்றால் மெல்லிய நரம்பு, சின்ன ராட் என்று அர்த்தமில்லை.

முதல் கோடையில் நான் அந்தத் தப்பைச் செய்தேன். பாஸ் ராட், மெல்லிய நரம்பு, கடையில் வாங்கியபடியே முள்ளை மாற்றாத ஒரு லூர். நாற்பது அங்குலத்துக்கு மேல் ஒரு பெண் மீன் அடித்தது. இழுக்க வலு இல்லாததால் கால் மணி நேரத்துக்கு மேல் விளையாட வேண்டியதாயிற்று. வெயில் நேரம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. வலைக்கு வந்தபோது ஒரு முள் நிமிர்ந்தே போயிருந்தது, இன்னொன்று செவுளுக்குப் பக்கத்தில். எப்படியோ கழற்றிவிட்டேன். மீன் நிமிர்ந்து நிற்கவே இல்லை. வாலைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் அரை மணி நேரம் இருந்தேன். கடைசியில் மெதுவாக நகர்ந்து போனது, பிழைத்திருக்குமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அளவு வளர ஒரு பெண் மஸ்கிக்குப் பல வருஷம் ஆகும். அந்த மீனின் கண் இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது.

அதனால் லூரை மட்டும் சின்னதாக்குங்கள், மற்ற எதையும் குறைக்காதீர்கள். பிரெய்ட், அதாவது பின்னல் நரம்பு, 65 பவுண்ட் தாங்குவது. நரம்புக்கும் லூருக்கும் நடுவே பல் படாமல் கட்டும் லீடருக்கு 80 பவுண்டுக்குக் குறையாத ஃப்ளோரோகார்பன் நரம்பு, ஓர் அடி நீளமாவது வேண்டும். கனமான கம்பி லீடர் சின்ன ஸ்பூக்கின் மூக்கைத் தண்ணீருக்குள் அழுத்திவிடும், ஆட்டம் போய்விடும். ராட் ஏழரை அடிக்கு மேல், ஓர் அவுன்ஸ் லூரை வீசக்கூடிய அளவு வளைவும், மீனைச் சீக்கிரம் கொண்டுவரக்கூடிய முதுகு வலுவும் இருக்க வேண்டும். பெரிய லூருக்கென்று செய்த விறைப்பான ராடில் இது பறக்காது. லூரோடு வரும் முள்ளையும் வளையத்தையும் கழற்றிப்போட்டுவிட்டு, தடித்த கம்பியில் செய்த முள்ளைப் போடுங்கள். போட்டபின் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள், வால் அதிகமாக முங்கினால் முள் கனம் கூடிவிட்டது. படகில் ரப்பர் பூசிய பெரிய வலை, நீள மூக்கு இடுக்கி, முள் வெட்டும் கட்டர் மூன்றும் இல்லாமல் மஸ்கிக்கு வீசவே கூடாது. முள் ஆழமாகப் போயிருந்தால் இழுக்காதீர்கள், வெட்டிவிடுங்கள். ஒரு முள் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர் 27 டிகிரியைத் தொட்டால் அன்று மஸ்கியை விட்டுவிட்டு வேறு மீனுக்குப் போங்கள்.

அடி விழும்போது ராடைத் தூக்காமல் இருப்பதுதான் கஷ்டம். தண்ணீர் வெடித்ததும் கை தானாக இழுக்கும். கண்ணால் இழுக்காதீர்கள், கைக்குக் கனம் தெரிகிறவரை சுற்றிக்கொண்டே இருங்கள். தப்பினால் அதே வேகத்தில் தொடருங்கள், பல தடவை திரும்பி வரும். படகை நெருங்கியதும் லூரை வெளியே எடுத்துவிடாமல் ராட் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு அகலமாக எட்டு போடுங்கள். வளைவு பெரிதாக இருக்கட்டும், நீளமான மீன் சட்டென்று திரும்பாது.

காற்று பலமாக அடித்து அலை புரளும் நாளில் சின்னது எடுபடாது, சத்தம் அலையிலேயே கரைந்துபோகும். இருட்டிலும் எனக்குப் பெரியதுதான் கைகொடுத்திருக்கிறது. அக்டோபர் வந்தால் நானும் பெரிய பெட்டியைத்தான் எடுப்பேன். ஆக, அந்தப் பத்து அங்குலங்களைத் தூக்கி எறிய வேண்டாம், அவற்றுக்கும் நாள் வரும். ஜூலையில், ஆகஸ்டில், காற்றில்லாத காலையில் களை ஓரத்தில் நிற்கும்போது முதலில் சின்னதைக் கட்டுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

தம்பி, இதைப் படித்தால் ஒரு விஷயம். நான் கொடுத்த லூரில் முள்ளும் வளையமும் ஏற்கெனவே மாற்றியவை, அப்படியே கட்டலாம். உங்கள் ராட் அதற்குக் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். என்னிடம் கூடுதலாக ஒரு ராட் இருக்கிறது, வரும் சனிக்கிழமை ஐந்து மணிக்கு அதே இடத்தில் இருப்பேன்.