ஆச்சியின் ‘சும்மா’

போன மாதம் மும்பை மாதுங்காவில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலை ஊர்க்கார பெரியம்மா. "மக என்ன படிக்கா?" என்றார். பி.ஏ. சோஷியாலஜி இரண்டாம் வருஷம், கூடவே மகளிரியல், அதாவது பெண்களின் வாழ்க்கையையும் நிலையையும் பற்றிய பாடம், ஒரு பேப்பர் என்றேன். "அதை எதுக்குட்டி எடுக்க விட்ட? போற வீட்ல எதுத்துப் பேசவா?" பதில் சொல்வதற்குள் பாயசம் வந்துவிட்டது. அங்கே சொல்லாத பதில் இது. கொஞ்சம் நீளம்தான்.

அந்தப் பேப்பரில் மகளுக்குக் கொடுத்த முதல் அசைன்மென்ட், வீட்டில் யாராவது ஒருத்தருடைய ஒரு நாளை எழுதி வருவது. காலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம். அரசாங்கம் எடுக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் இப்படித்தானாம். அவள் ஆச்சியைத் தேர்ந்தெடுத்தாள். என் மாமியார், வயது 71, செம்பூரில் எங்களோடு இருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை நோட்டோடு பின்னாலேயே அலைந்தாள். மதியம் கொஞ்ச நேரம் அசந்து தூங்கிவிட்டாள். எழுந்து, "ஆச்சி, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டதற்கு, "சும்மாதாம்ட்டி இருந்தேன்" என்றார். அவள் விடவில்லை, துருவினாள். உளுந்து ஊறப்போட்டது, முருங்கைக்கீரை உருவியது, கொடியிலிருந்து துணி எடுத்து மடித்தது, பார்சல் வாங்கியது, எதிர் வீட்டுப் பெண் மார்க்கெட் போய் வரும்வரை அவள் குழந்தையை மடியில் வைத்திருந்தது. இத்தனையும் அந்தச் ‘சும்மா’வுக்குள் இருந்தது. ஒரு கட்டத்தில் நாலு வேலை வந்ததால் மார்ஜினில் எழுதியிருந்தாள்.

ஆச்சி அந்த நாள் முழுக்கச் செய்த வீட்டு வேலையைக் கூட்டிப் பார்த்தால் ஆறரை மணி நேரம். 2019 கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சராசரியாக நாளுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்தால். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "97ஆ?" என்றார். அவருக்கே அது அதிகமாகப் பட்டது.

இந்தப் பாடம் வெளிநாட்டுச் சரக்கு என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் எழுதினார். நான் சர்ச்கேட்டில் இறங்கி வேலைக்குப் போகிறவள். அங்கே இருக்கும் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில்தான் 1974இல் பேராசிரியர் நீரா தேசாய் மகளிரியலுக்கு ஆய்வுப் பிரிவு தொடங்கினார். 1981 ஏப்ரலில் முதல் தேசிய மகளிரியல் மாநாடு நடந்ததும் அங்கேதான். அதே 1974இல்தான் பெண்களின் நிலை பற்றிய அரசுக் குழுவின் அறிக்கையும் முடிந்தது. 1901இல் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள், 1971இல் 930 என்று அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. சுதந்திரம் வந்து, படிப்பு வந்து, ஆஸ்பத்திரி வந்து, எண்ணிக்கை மட்டும் இறங்கியிருக்கிறது. கோஷமும் கொடியும் ஒருபுறம் இருக்கட்டும், இது முதலில் கணக்குப் பார்க்கிற படிப்பு. அதனாலோ என்னவோ எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை. நானும் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவள்.

கணக்கு என்றதும் என் கதையும் வந்துவிடுகிறது. சொத்துரிமைப் பாடம் நடந்த வாரம் மகள் கேட்டாள், "தாத்தா நிலத்துல உனக்கு என்னம்மா வந்தது?" ஒன்றுமில்லை, 2003இல் ஊருக்குப் போய் என் பங்கு வேண்டாம் என்று தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். "படிச்சுப் பார்த்துதான் கையெழுத்துப் போட்டியா?"

ஆபீஸில் 200 ரூபாய் வவுச்சருக்குக்கூட பின்னால் பில் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் விரலால் காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். மத்தியானம் சாப்பாடு, சாயந்திரம் ஒரு பட்டுப்புடவை, ராத்திரி ரயில். 1989 மார்ச் 25 அன்று கல்யாணம் ஆகாமல் இருந்த மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் அப்போதே சட்டம் இருந்தது. மகாராஷ்டிராவில் 1994இல் வந்தது, நாடு முழுக்க 2005இல். எனக்குக் கல்யாணம் 1996இல். தெரிந்திருந்தாலும் விட்டுத்தான் கொடுத்திருப்பேனோ என்னவோ, தம்பி அப்போது கஷ்டத்தில் இருந்தான். ஆனால் தெரிந்து கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றில்லை. அன்று ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நிலத்துக்காக இல்லை, படிக்காமல் போட்ட கையெழுத்துக்காக.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் மகளோடு பேசவே பயமாக இருந்தது. வாயைத் திறந்தால் திருத்தம். ஒருநாள் அடுப்படியில், "நீங்களும் ஆணாதிக்கத்துக்குத் துணைதான் ஆச்சி" என்று சொல்லிவிட்டாள். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை. பாடம் முழுக்க இங்கிலீஷில். அதை வீட்டுத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் குறையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

அமெரிக்காவில் ஜேன் ஸ்டேக் என்ற உளவியல் பேராசிரியர் இந்தப் பாடம் எடுக்கும் மாணவர்களைப் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார். 2001இல் சக ஆய்வாளரோடு வெளியிட்ட ஆய்வில், வேறு பாடம் எடுத்தவர்களைவிட இவர்களிடம் சமத்துவ எண்ணமும், ஏதாவது செய்ய வேண்டும் என்ற முனைப்பும், தன்னம்பிக்கையும் கூடியிருந்தது தெரிந்தது. விரும்பி எடுத்தவர்கள்தானே மாறினார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஏற்கெனவே பாதி ஒத்துக்கொண்டவர்கள்தான் அந்த வகுப்புக்கே போவார்கள். என் மகள் வகுப்பில் மொத்தம் மூன்றே பையன்கள். அதில் ஒருவன் டைம்டேபிள் ஒத்துவந்ததால் எடுத்தவன். எனக்கு அவனைத்தான் பார்க்க ஆசை. எண்ணம் ஏதும் இல்லாமல் உள்ளே போனவன் அம்மாவின் ஒரு நாளைக் கட்டம் போட்டு எழுதிய பிறகு தன் தட்டை எங்கே வைக்கிறான்? பெண்களை மட்டும் உட்காரவைத்து இதை நடத்தினால், புரிந்துகொண்டவள் ஒருபக்கம், புரியாத வீடு மறுபக்கம் என்றாகிவிடுகிறது. பெரியம்மா பயந்த ‘எதுத்துப் பேச்சு’ அங்கேதான் தொடங்குகிறது. அதற்குப் பெண் படிப்பதை நிறுத்துவதா, பையனையும் உள்ளே அனுப்புவதா?

அத்தை விஷயத்தைச் சொல்லவில்லையே. சாப்பிடாமல் படுத்ததற்கு இரண்டு நாள் கழித்து அந்த நோட்டை எடுத்துவரச் சொல்லி, முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார். ஒரு இடத்தில்தான் நிறுத்தினார். "நாலு மணிக்கு எந்திரிச்சேன்னு போட்டிருக்க. மூணரைக்கு எந்திரிச்சேம்ட்டி. தண்ணி வாறதுக்கு முன்ன குடம் கழுவ வேண்டாமா? மாத்தி எழுது." கட்டம் நாலு மணிக்குத்தான் தொடங்கும் ஆச்சி என்று மகள் விளக்கப் பார்த்தாள். ஒத்துக்கொள்ளவில்லை. பென்சிலால் மேலே ஒரு கட்டம் வரைந்து எழுதிய பிறகுதான் நோட்டை விட்டார்.

என் பையன் வரும் ஜூனில் காலேஜ் சேர வேண்டும். மும்பையில் எந்தக் காலேஜில் பையன்கள் இந்தப் பேப்பரை எடுக்கிறார்கள், கூடப் படிப்பவர்கள் கேலி செய்தால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.