வில்பத்துக் காட்டுக்கோழி தப்பிப்போன ஊர்க்கோழி அல்ல

புத்தளத்துக்கு வடக்கே உள்ள வில்பத்து தேசியப் பூங்காவில் எடுத்த படங்களின் கீழ், அங்கு காணப்படும் காட்டுக்கோழி முற்காலத்தில் கிராமங்களிலிருந்து தப்பிப்போன வளர்ப்புக் கோழிகளின் வழிவந்தது என்று ஒருவர் எழுதியிருப்பதையும், பலர் அதைப் பகிர்ந்திருப்பதையும் கண்டேன். பார்வைக்கு இரண்டும் ஒத்திருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆயினும் அது சரியன்று.

அது இலங்கைக் காட்டுக்கோழி. 1831இல் அறிவியல் பெயர் பெற்ற தனி இனம். இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நமது தேசியப் பறவையும் அதுவே. ஊர்க்கோழியின் முதன்மை மூதாதையோ வட இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. அந்த இனம் இலங்கைக் காடுகளுக்கு உரியதன்று.

இதைச் சரிபார்க்கப் புத்தளம் வரை போகவேண்டியதில்லை, கொழும்பில் இருந்தபடியே பார்க்கலாம். அதே படங்களில் சேவலின் கொண்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்பு விளிம்புக்குள் நடுவே தெளிவான மஞ்சள் திட்டு இருக்கும். பக்கத்து வீட்டுச் சேவலின் கொண்டையில் அதைக் காணமாட்டீர்கள். பேடையை வைத்து முடிவு செய்ய முயல வேண்டாம். அதன் மங்கிய பழுப்பு நிறம் யாரையும் குழப்பும். ஐயம் தீராதவர்கள் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இவ்விரு இனங்களையும் தனித்தனியே தேடினால், ஒவ்வொன்றின் பரவல் வரைபடமும் கிடைக்கும். முதலாவதில் நிறமிடப்பட்டிருப்பது இலங்கை மட்டுமே.