அத்தை கேட்ட கேள்வி

2025 மே மாதம், ஃபிலடெல்பியாவில் கேஜே என்ற குழந்தைக்கு அவனுக்கென்றே ஒரு ஜீன் மருந்து செய்து கொடுத்த செய்தி வந்ததும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கைதட்டல். எனக்குத் தட்டத் தோன்றவில்லை.

அவனுக்கு சிபிஎஸ்1 குறைபாடு. உடம்பில் சேரும் அம்மோனியாவைக் கல்லீரலால் யூரியாவாக மாற்ற முடியாது. அது மூளைக்கு ஏறிவிடும். அவன் ஜீனில் பிழையான ஓர் எழுத்தைத் திருத்தும் மருந்தை டாக்டர்கள் கிரண் முசுனுருவும் ரெபெக்கா அஹ்ரன்ஸ்-நிக்லஸும் ஏறக்குறைய ஆறு மாதத்தில் தயார் செய்தார்கள். எல்லோரும் அந்த ஆறு மாதத்தைத்தான் பேசினார்கள். பிறந்த இரண்டு நாளுக்குள் யாரோ அவனுக்கு அம்மோனியா பார்த்திருக்கிறார்கள் என்ற வரியைத் தாண்டி எனக்கு ஓடவில்லை.

பெருந்துறைப் பக்கம் இருக்கும் என் பெரியப்பா மகளின் முதல் குழந்தை மூன்றாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது, மூச்சு வாங்கியது. ரத்தத்தில் கிருமி என்றார்கள். ஐந்தாம் நாள் போய்விட்டது. இரண்டாவதுக்கும் அதே மாதிரி. இந்த முறை ஓர் இளம் டாக்டர் அம்மோனியா பார்க்கச் சொன்னார். அந்த ரத்தம் ஐஸில் வைத்து உடனே லேபுக்குப் போயாக வேண்டும், தாமதமானால் குழாய்க்குள்ளேயே அளவு ஏறிவிடும். மச்சான் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, டீ பிளாஸ்க்கில் குழாயைச் செருகிக்கொண்டு பைக்கில் பறந்தார். ரிசல்ட் வந்தது, குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் எடுத்து வைத்த ரத்தத்தில் ஜீன் டெஸ்ட் செய்ததில் நோய்க்குப் பேர் கிடைத்தது: சிட்ருலினீமியா. கேஜேவுக்குப் போலவே உடம்பில் அம்மோனியா சேரும் நோய்.

வேலூர் சிஎம்சியில் ஹீமோபிலியா என்ற, ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள 5 பேருக்கு ஜீன் சிகிச்சை கொடுத்து, 2024இல் முடிவையும் வெளியிட்டுவிட்டார்கள். நம்ம பக்கமும் வரும், சரி. ஆனால் கேஜேவின் மருந்து கேஜேவின் எழுத்துக்கு மட்டும்தான். நம் குழந்தைக்கு எந்த எழுத்து என்று தெரிய வேண்டாமா? அரிய நோய்களுக்கு மத்திய அரசு 50 லட்சம் வரை தருகிறது, அதற்கும் நோயின் பேர் வேண்டும். இந்த மாதிரி நோய் இருக்கிறதா என்று பார்க்கப் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம், மாவட்ட ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் அம்மோனியா டெஸ்ட். நான் கேட்பது இவ்வளவுதான்.

நோய்க்குப் பேர் கிடைக்கும்வரை அத்தை, "இவ வயித்துலதான் ஏதோ கோளாறு" என்றே பேசிவந்தார். மச்சான் அத்தை பெற்ற மகன், உரிமைக் கல்யாணம். அவளுக்கு அப்பாரு (அப்பாவின் அப்பா), அவருக்கு அப்புச்சி (அம்மாவின் அப்பா), ஆள் ஒருத்தர்தான். கோயமுத்தூரில் டாக்டர் கட்டமும் வட்டமுமாக வம்சத்தை வரைந்து, சொந்தத்தில் கட்டியதற்கு அடையாளமாக இருவருக்கும் நடுவில் ரெட்டைக் கோடு போட்டார். ரெண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு என்றார். அத்தை கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எங்கப்பன் ஊட்ல இருந்துங்களா வந்துச்சு?"

"ரெண்டு பக்கமும் ஒரே ஊடுதானுங்களே அம்மா" என்றார் டாக்டர்.

எனக்கும் அவர்தான் அப்பாரு. அடுத்த வாரம் நானும் ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன்.